பினாங்கின் நீள்வட்ட வைரக் கணையாழி

ஜோர்ஜ் டவுன் நகரின் நடுவே, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் முன்புறமாகச் செல்லும் வீதிக்கு நெடுங்காலம் பிட் தெரு என்பது பெயர். இன்று அது மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை என வழங்குகிறது. முதியோர் நாவில் மட்டும் பழைய பெயர் இன்னும் தங்கியிருக்கிறது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் கைக்கொண்டபோது, இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக இருந்தவர் இளைய வில்லியம் பிட். அவர் பெயரே தெருவுக்கு இடப்பெற்றது. அந்த அமைச்சருடைய கொள்ளுப்பாட்டனார் தாமஸ் பிட் என்பவர். 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த அவரை வரலாறு 'வைரப் பிட்' என்றே அழைக்கிறது.

அப்பெயர் வந்த கதை சுவையானது. கொல்கொண்டா நாட்டுச் சுரங்கத்தில் அகப்பட்ட 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை ஜாம்சந்த் என்னும் வணிகர் ஆளுநரிடம் கொண்டுவந்தார். அவர் கேட்ட விலை இரண்டு இலட்சம் வராகன். பலநாள் பேரம் பேசி 48,000 வராகனுக்குப் பிட் அதனை முடித்தார். அது நிகழ்ந்த ஆண்டு 1702. அவருடைய மைந்தர் ராபர்ட் பிட் அக்கல்லை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் பட்டை தீட்டப்பட்டு 140 காரட் அளவுக்கு அது குறைந்தது. 1717இல் பிரான்சு நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஓர்லியான் கோமகனுக்கு 1,35,000 பவுனுக்கு விற்கப்பட்டு, இன்று பாரிசு நகரின் லூவ்ர் காட்சியகத்தில் இருக்கிறது. பிட் குடும்பத்தார் இங்கிலாந்தின் அரசியலில் தலையெடுக்க உதவிய பெருஞ்செல்வத்தில் அந்த ஒரு கல்லின் பங்கு பெரிது. ஆகவே, பினாங்குத் தீவின் பழைய தெருப்பெயர் ஒன்றின் அடியைத் தோண்டினால் தென்னாட்டு வைரம் ஒன்று தென்படுகிறது. தற்செயல் என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும், அதே தெருவிலும் அதனைச் சுற்றிய தெருக்களிலும் பின்னாளில் தமிழ் நாட்டிலிருந்து வந்தோர் நகைக்கடைகளும் பணமாற்றுக் கடைகளும் பரப்பி அமர்ந்ததை எண்ணும்போது, வரலாறு சில வேளைகளில் வேடிக்கை செய்கிறது என்று சொல்லத்தான் வேண்டும்.

பழைய பினாங்குக் குடும்பங்களின் பெட்டகங்களில் வைரக் கணையாழிகள் உண்டு. அவற்றுள் சிலவற்றின் நடுக்கல் முழுவட்டமாக இராமல் முட்டை வடிவாக, நீள்வட்டமாக அமைந்திருக்கும். நிச்சயதார்த்த மோதிரம் என்றாலே நீள்வட்ட வைரம் என்னும் ஒரு நாகரிகம் இந்நாளில் எழுந்திருப்பதால், பழைய மோதிரத்தையும் அந்தக் கண்கொண்டே பார்க்கின்றனர். அன்றைய நீள்வட்டம் வேறு. இன்றைய நீள்வட்டம் வேறு. அன்று அது அழகுக்காக ஒருவர் தேர்ந்தெடுத்த வடிவம் அன்று. கல்லின் உடம்பு தானே வகுத்துக்கொண்ட வடிவம். இதனைப் புரிந்துகொள்ள, வைரம் பட்டை தீட்டப்பட்ட வரலாற்றைச் சற்றே காண்பது நலம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் உலகுக்கு வைரம் வழங்கிய நாடு பெரும்பாலும் இந்தியாவே. போர்னியோத் தீவில் சிறிதளவு கிடைத்தது. கிருட்டிணை ஆற்றங்கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆணும் பெண்ணும் சிறாருமாக 60,000 பேர் உழைத்தனர் என்று, 17ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற தாவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே வைரத்தை நிறுத்த அளவின் பெயரை ஐரோப்பியர் 'மாஞ்செலின்' என்று எழுதினர். அது வேறொன்றுமன்று, நம் மஞ்சாடியே. சென்னையிலிருந்து வைரம் கப்பலேறியது. அதற்கு மாற்றாக மத்தியதரைக் கடற்பவளமும் வெள்ளியும் இலண்டன் யூத வணிகர் வழியாக வந்திறங்கின. சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்னும் பெயர் இன்றும் அந்த வாணிகத்தை நினைவூட்டி நிற்கிறது. பினாங்கின் தலைநகர்க்கும் சென்னையின் அப்பகுதிக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது இன்னொரு தற்செயல்.

தமிழர் வைரத்தை மதித்த முறை யாது? சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மாநகரின் மணிக்கடைத் தெருவை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். வைரத்துக்கு ஆகாத குற்றங்களாக ஏகை, விந்து, களங்கம், காகபாதம் ஆகியன அங்கே எண்ணப்படுகின்றன. கடலாடு காதையில் மாதவி விரலில் அணிந்த அணிகளுள், மரகதத்தைச் சூழ வைரம் பதித்த விரலணி ஒன்றும் கூறப்படுகின்றது. நடுவே ஒரு பெருங்கல், சுற்றிலும் சிறு கற்கள் என்னும் அமைப்பு, ஐரோப்பிய நகைக்கடைக்காரர் கண்டுபிடித்த புதுமை அன்று என்பதைத் தமிழ் மாணவர் நினைவில் கொள்ளலாம். ஆனால் ஒன்று: அந்நாளில் வைரத்தை வெட்டிப் பட்டை தீட்டும் வழக்கம் இல்லை. இயற்கையில் எட்டு முகம் கொண்டு, கூர்மையும் ஒளியும் குறைவின்றி விளைந்த கல்லே உயர்ந்தது என்று மணிநூலார் கொண்டனர். வைரத்தை வைரத்தூளால்தான் தேய்க்க முடியும். தேய்த்தால் எடை போகும். எடை போனால் விலை போகும். பிற்காலத்தில் இந்தியாவில் பட்டை தீட்டும் தொழில் வளர்ந்தபோதும், குற்றத்தை மறைக்கும் அளவுக்கே தீட்டி எடையைக் காப்பதே தொழிலாளர் நோக்கமாக இருந்தது.

நீள்வட்டம் பிறக்கும் இடம் இதுதான். சுரங்கத்தில் அகப்படும் கற்கள் எல்லாம் ஒழுங்கான எட்டுமுகக் கற்கள் அல்ல. ஒரு புறம் நீண்டும் ஒரு புறம் தட்டையாயும் விளைந்த கற்கள் பல. நீண்ட கல்லை முழுவட்டமாக்கினால் பாதியும் தூளாகிவிடும். நீளத்தை நீளமாகவே விட்டு, ஓரங்களை மட்டும் உருட்டினால் கல் பிழைக்கும். ஆதலால் பழைய தொழிலாளர் கல்லின் போக்கிலேயே கையை ஓட்டினர். தட்டையான கல்லாயின் அடிப்பக்கம் சமமாகவும், மேற்பக்கம் ரோஜா மொட்டுப்போல் முக்கோணப் பட்டைகளாகக் குவிந்தும் இருக்கும்படி தீட்டினர்; ஆழமான கல்லாயின் மேலும் கீழும் பட்டையிட்டுத் தலையணை வடிவிலோ முட்டை வடிவிலோ முடித்தனர். பழைய கணையாழிகளில் ஒரு கல்லைப்போல் மறு கல் இராததன் காரணம் இதுவே. சற்றுக் கோணலான நீள்வட்டம், ஒரு முனை பருத்து மறு முனை ஒடுங்கிய நீள்வட்டம் என்று அவை பலவாறாக இருக்கும். அக்கோணலைக் குறையாகக் கருதுவோர் அக்கல்லின் வரலாற்றைப் படிக்கத் தெரியாதவர்.

உலகம் அறிந்த நீள்வட்ட வைரம் கோகினூர். 1849இல் பஞ்சாப் வீழ்ந்தபோது பிரிட்டிசார் கைக்குப் போய், 1850இல் விக்டோரியா அரசியிடம் ஒப்படைக்கப்பட்ட அக்கல், 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பார்த்தவர் ஏமாந்தனர். இந்திய முறையில் எடை காத்துத் தீட்டப்பட்டிருந்த அது அவர்கள் எதிர்பார்த்தபடி மின்னவில்லை. உடனே ஆம்ஸ்டர்டாமின் கோஸ்டர் நிறுவனத்துத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1852 ஜூலையில் தொடங்கி 38 நாள் வேலை நடந்தது. 186 காரட்டாக இருந்த கல் 105.6 காரட் எடையுள்ள நீள்வட்டமாக வெளிவந்தது. மின்னல் கூடியது, உடம்பு ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போயிற்று. ஒளிக்காக எடையை விடுவதா, எடைக்காக ஒளியை விடுவதா என்னும் வழக்கில் மேற்கும் கிழக்கும் இருவேறு தீர்ப்புச் சொன்ன இடம் அது. பினாங்கின் பழைய கணையாழிகள் அவ்விரு தீர்ப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் தாங்கியிருக்கின்றன.

மலாய் மொழி இதற்குச் சான்று. வைரத்துக்கு அம்மொழியில் இரு சொற்கள் உண்டு: இந்தான், பெர்லியான். பேச்சில் இரண்டும் கலந்து வழங்கினாலும், பழநகை அறிந்தோர் இவற்றைப் பிரித்தே ஆள்வர். தட்டையடியும் மொட்டுப் பட்டையும் கொண்ட பழைய கல் இந்தான். மேலும் கீழும் பட்டையிட்ட ஐரோப்பியக் கல் பெர்லியான். மிகச் சிறிய வைரப் பொடிக்கல்லுக்கு 'இந்தான் புடி' என்று பெயர். இப்புடி தமிழின் பொடியே. 'ரத்னா மூத்து மாணிக்கம்' என்னும் பழைய மலாய்த் தொடரில் வருவன நம் முத்தும் மாணிக்கமும். பொன்னின் தரத்தைக் குறிக்கும் 'மூத்து' என்னும் சொல், மாற்று என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்தது என்பர். நாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்போம், அவர்கள் பத்து மூத்துப் பொன் என்பர். நிறையளவு இன்னும் வியப்பானது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது தமிழர் வாய்பாடு. இரண்டு கெண்டெரி ஒரு சாகா, பன்னிரண்டு சாகா ஒரு மாயாம் என்பது மலாய்ப் பொற்கொல்லர் வாய்பாடு. கெண்டெரி என்பது குன்றியின் திரிபு. சாகா என்பது செம்மணி விதை தரும் மரம். பினாங்கின் சாலையோரங்களில் உதிர்ந்து கிடக்கும் செந்நிறச் சாகா விதையைச் சிறுவர் பொறுக்கி விளையாடுவதுண்டு. தாவர்னியே கண்ட வைரச் சந்தையின் நிறைகல் அதுவே என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சொல் மட்டும் தனியே கடல் கடந்து வருவதில்லை. சொல்லை ஆண்ட மனிதரும் வந்தனர். 1794இல் பிரான்சிஸ் லைட் எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வருகின்றனர் என்று கூறுகிறார். சூலியர் எனப்பட்ட அவருள் கடைக்காரர், கூலிகள், மாலுமிகள் எனப் பலர் இருந்தனர். அவர்தம் தலைவரான காதர் முகைதீன் மரைக்கானின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதற்கு அணித்தாகவே, குயின் தெருவில், 1833இல் மகாமாரியம்மன் ஆலயம் எழுந்தது. பின்னர் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தினர். பொற்கொல்லர் இவர்கள் நிழலில் வந்தவர். இலங்கையிலிருந்தும் கைவினைஞர் வந்தனர். காலிப் பகுதியிலிருந்து புறப்பட்ட பி. பி. டி சில்வா என்னும் சிங்கள வணிகர் 1872இல் சிங்கப்பூரில் நிறுவிய நகை வணிகம் பினாங்கிலும் கிளை கொண்டது. சீனப் பொற்கொல்லரோ தொகையில் மிகுதி. எனவே பினாங்கில் செய்த கணையாழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்ன இனத்தார் கைவேலை என்று அறுதியிட்டுச் சொல்வது எளிதன்று. சீனப் பட்டறைகள் தம் முத்திரையைப் பொறித்தன. தமிழ்ப் பத்தர் பெயர் பொறிப்பது அரிது.

அப்பத்தருக்கு இலக்கியமும் நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. சிலம்பில் பழி சுமந்தவன் பொற்கொல்லன். தாயின் பொன்னிலும் சிறிது எடுப்பான் என்று பழமொழி வேறு. அதனால்தான் நம் நாட்டில் பத்தரை வீட்டுக்கே அழைத்துத் திண்ணையில் அமர்த்தி, வீட்டுப் பெரியவர் கண்ணெதிரே வேலை வாங்கினர். பினாங்கின் பாபா நோன்யாக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. கும்மட்டியும் ஊதுகுழலும் சாமணமும் கம்பியச்சும் உரைகல்லும் கொண்டு வந்து, பல நாள் அங்கேயே அமர்ந்து நகை முடித்தனர். காவல் வைத்துச் செய்வித்த நகையாயினும், அதன் நுட்பம் காவலுக்குக் கட்டுப்பட்டதன்று.

அந்த நுட்பத்தைச் சற்று விளக்குதல் தகும். தட்டையடி கொண்ட இந்தான் கல்லுக்குத் தானே மின்னும் ஆற்றல் குறைவு. மேலே விழும் ஒளி அடிவழியே கசிந்து போய்விடும். ஆகவே கல்லமரும் குழியின் பின்புறத்தைப் பொன்னால் மூடி, கல்லின் அடியில் மெல்லிய பளபளப்பான தகடு ஒன்றை இடுவர். கசியும் ஒளி தகட்டில் பட்டு மீளும். நீள்வட்டக் கல்லுக்குக் குழி வெட்டுவது வட்டக் கல்லுக்கு வெட்டுவதைக் காட்டிலும் கடினம். கோணலான நீள்வட்டமாயின் ஒவ்வொரு கல்லுக்கும் தனிக்குழி வேண்டும். கல்லை வைத்து, எடுத்து, அரத்தால் சீவி, மறுபடி வைத்துப் பார்த்து, இறுதியில் ஓரப் பொன்னைக் கல்லின்மேல் சாய்த்து அமுக்குவர். ஈரம் புகுந்தால் தகடு கறுக்கும். தகடு கறுத்தால் வைரம் இறந்தது போலாகும். பாத்திரம் துலக்குகையில் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று பாட்டிமார் சொன்னதில் வெறும் சிக்கனம் மட்டுமன்று, இந்த அறிவும் இருந்தது. பெர்லியான் கற்களோ அடியிலும் பட்டை கொண்டவை. அவற்றுக்குப் பின்புறம் திறந்திருத்தல் வேண்டும். நாற்புறமும் பொன் நகங்கள் பற்றிக்கொண்டால் போதும். மோதிரத்தின் முகத்தைப் பார்ப்பவர் அழகைக் காண்பர்; முதுகைப் பார்ப்பவரே காலத்தைக் காண்பர். கண்ணகியின் சிலம்பும் உடைத்து உள்ளே பார்த்தபோதுதானே உண்மை சொன்னது.

இத்தகைய கணையாழியைத் திருமண உறுதிக்கு அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் பினாங்கில் ஒரே வழியாக வந்ததன்று. ஐரோப்பாவில் அது மிகப் பழையது. ரோமானியர் அதனை ஒப்பந்தத்தின் ஈடாகக் கருதினர். நம் சொல்லில் சொன்னால் அச்சாரம். 1477இல் ஆஸ்திரியக் கோமகன் மாக்சிமிலியன் பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்த செய்தியே வைரத்தைப் பொறுத்தவரை பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. மலாய் மக்களிடம் பெண் கேட்கும்போது ஒரு மோதிரம், நிச்சயத்தின்போது ஒரு மோதிரம் என்று முறை உண்டு. பிள்ளை வீட்டார் சொல் தவறினால் கொடுத்த மோதிரம் போயிற்று. பெண் வீட்டார் தவறினால் இரட்டிப்பாகத் திருப்புதல் வேண்டும் என்பது பழைய அடாட். இதைவிடத் தெளிவான அச்சாரம் வேறு வேண்டுவதில்லை. அவர்தம் பழைய மோதிர வகைகளின் பெயர்களும் அழகானவை. பிளந்த பிரம்புபோல் இருப்பதற்குப் 'பெலா ரோத்தான்'. நடுவே பருத்து இருபுறமும் ஒடுங்குவதற்குப் 'பாச்சாட் கென்யாங்', அதாவது வயிறு நிறைந்த அட்டை. அட்டைக் கடியை அறிந்தவரே அப்பெயரைச் சூட்டியிருக்க முடியும்.

தமிழரிடம் கணையாழி அடையாளப் பொருள். அசோகவனத்தில் சீதையிடம் அனுமன் காட்டியதும், சகுந்தலை ஆற்றில் நழுவவிட்டதும் அத்தகையனவே. ஆனால் நிச்சயத்தில் தட்டு மாற்றிப் பரிசம் போடுவதே தமிழர் மரபு. மணமக்கள் ஒருவர்க்கொருவர் மோதிரம் மாற்றுவது பிற்கால நாகரிகம். மணம் முடிந்தபின் குடத்து நீரில் மோதிரத்தைப் போட்டு மணமக்கள் தேடும் விளையாட்டு மட்டும் பழையது. வைரத்தைத் தமிழ்ப் பெண்டிர் விரலைவிடக் காதிலும் மூக்கிலுமே மிகுதியாக விரும்பினர். ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் அவர்தம் செல்வம். வாங்கிய கல்லைச் சில நாள் வீட்டில் வைத்து, நன்மை தீமை பார்த்தே ஏற்றனர்.

நோன்யாப் பெண்டிரின் வைரமோகம் தனிக்கதை. கெபாயாச் சட்டைக்குப் பொத்தான் இல்லை. அதனைக் கூட்டிப் பிடிக்கும் மூன்று கெரோசாங் ஊசிகளிலும் வைரம் இழைப்பர். விரல்களில் நீள்வட்டமாகவோ படகு வடிவாகவோ அமைந்த பட்டத்தில் சிறு இந்தான் கற்களைக் குவித்துப் பதித்த மோதிரங்களை அணிந்தனர். பெருங்கல் ஒன்று கிட்டாதபோது பல சிறு கற்களைக் கொண்டு நீள்வட்டத் தோற்றத்தை உண்டாக்கியது பொற்கொல்லர் சாமர்த்தியம். துக்கக் காலத்தில் வைரமும் பொன்னும் விலக்கு. முத்தும் வெள்ளியும் பூண்டனர்.

இவ்வளவு வைரம் பினாங்குக்கு வந்தது எப்போது? பழம்பொருள் விற்போர் தம் கல் கொல்கொண்டாவிலிருந்து வந்தது என்று சொல்லக் கேட்கலாம். ஐயுறவேண்டிய கூற்று அது. 1720களில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டபின் இந்தியச் சுரங்கங்கள் மங்கலாயின. பினாங்கு கும்பினியின் கைக்கு வந்த 1786இலேயே கொல்கொண்டாவின் பொற்காலம் முடிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1867இல் முதல் வைரம் தென்பட்டது. 1871இல் கிம்பர்லி திறந்தது. இடையே 1869இல் சூயசுக் கால்வாய் ஐரோப்பாவைப் பினாங்குக்கு அருகே கொண்டுவந்தது. லாருட் ஈயச் சுரங்கங்களின் செல்வமோ பினாங்குத் துறைமுகத்தில் வந்து குவிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னே அரசர்க்கும் கோமகன்களுக்கும் உரியதாக இருந்த வைரம், வணிகர் மனைவியர் கைக்கு எட்டிய காலம் இது. சர்ச் தெருவில் ஈயத் தலைவர் கப்பித்தான் சுங் கெங் குவி எழுப்பிய மாளிகை இன்று பெரானாக்கான் காட்சியகமாக இருக்கிறது. அங்குள்ள நகைக்கூடத்தைப் பார்ப்போர் அக்காலச் செல்வத்தின் அளவை ஓரளவு உணரலாம். தமிழகத்தில் 'புளூ ஜாகர்' என்று பெண்டிர் பெருமையுடன் குறிப்பிடும் வைரமும் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தின் பெயரைத் தாங்கியதே. ஆக, பினாங்கின் பழைய வைரக் கணையாழிகளுள் பெரும்பாலானவை 1870க்கும் 1930க்கும் இடைப்பட்டவை, ஆப்பிரிக்கக் கல் கொண்டவை என்று கொள்வதே பொருந்தும். கொல்கொண்டாப் பெயரால் விலை ஏறலாம், வரலாறு ஏறாது.

இவ்வளவு இருந்தும் இன்று கலையாத நிலையில் கிடைக்கும் கணையாழிகள் சிலவே. காரணம், நகை அணிகலனாக மட்டும் இருந்ததில்லை; குடும்பத்தின் வைப்புநிதியாகவும் இருந்தது. ஈயமும் ரப்பரும் விலை விழுந்தபோதெல்லாம் மோதிரம் பாஜாக் காடாய் எனப்படும் அடகுக்கடைப் படியேறியது. பின்பு போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய வானூர்திகள் ஜோர்ஜ் டவுன் கடைத்தெருக்களின்மேல் குண்டு வீசின. அத்திங்கள் முடியுமுன் தீவு அவர்கள் கைக்குப் போயிற்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த சீனர் 5 கோடி வெள்ளி திரட்டித் தரவேண்டும் என 1942இல் கட்டளை பிறந்தது. வாழைமரப் படமிட்ட ஜப்பானியப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. அரிசிக்கும் மருந்துக்கும் மாற்றாக நகைகள் வெளியேறின. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்து அழைத்தபோது, தமிழ்ப் பெண்டிர் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தனர். தோட்டத்துப் பாட்டாளிப் பெண்ணின் குன்றிமணிப் பொன்னும் அதில் இருந்தது. வறுமைக்கு விற்றதும் விடுதலைக்குக் கொடுத்ததும் உலையில் ஒன்றாகவே உருகியிருக்கும்.

போருக்குப் பின் எஞ்சியவற்றை நாகரிகம் கலைத்தது. மின்விளக்கின் கீழ்ப் பழைய இந்தான் மங்கலாகத் தெரிந்தது. அது எண்ணெய் விளக்கொளிக்கும் மெழுகுத்திரி ஒளிக்கும் தீட்டப்பட்ட கல் என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. 1947இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட, வைரத்தின் நிலைபேற்றைப் புகழும் நான்கு சொல் விளம்பரம், நிச்சயதார்த்தம் என்றால் ஒற்றைக்கல் மோதிரம் என்னும் எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. பழைய மோதிரங்களிலிருந்து கல்லைப் பெயர்த்து வெள்ளைப் பொன்னில் புதிதாகக் கட்டினர், பழம்பொன்னை உருக்கினர். நியூயார்க்கைச் சேர்ந்த லாசர் காப்லான் என்பவர் 1957இல் இன்றைய நீள்வட்டப் பட்டையை வகுத்தார். 726 காரட் எடையுள்ள ஜோங்கர் என்னும் பெருவைரத்தை 1936இல் வெட்டிப் புகழ் பெற்றவர் அவர். மலாயா விடுதலை பெற்ற ஆண்டும் அதுவே. ஆதலின், இன்று கடைகளில் நீள்வட்ட வைரம் என விற்கப்படும் வடிவத்தின் வயதும் இந்நாட்டு விடுதலையின் வயதும் ஒன்று. அதனைப் பழமையானது என்று சொல்லி விற்பதில் நேர்மை இல்லை.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. புதிய நீள்வட்டம் கணக்குப் போட்டது போல் இருபுறமும் ஒத்திருக்கும்; பெரும்பாலும் அதன் நடுவே, கழுத்துப்பட்டி முடிச்சுப்போல் ஒரு நிழல் குறுக்கே விழும். பழைய பெர்லியானின் மேல்தட்டு சிறிதாகவும் தோள் உயர்ந்தும் இருக்கும்; அடிமுனையை வெட்டிச் சமன் செய்திருப்பதால், மேலிருந்து பார்க்கையில் நடுவே சிறு துளைபோல் தோன்றும்; பட்டைகள் பெரியன, சில வேளை ஒன்றுக்கொன்று ஒவ்வாதன. இந்தான் கல்லுக்கு மேல்தட்டே இல்லை, குவிந்த முகம்தான். இவற்றுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் பொறுமையும் போதும்.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது ஜோர்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்த கைவினைஞர் பலர் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுரிமைத் தலமாக ஏற்றபோது, கட்டடங்கள் காக்கப்பட்டன. அக்கட்டடங்களுக்குள் கும்மட்டி ஊதிய கைகளுள் பல அதற்குள் போய்விட்டிருந்தன. பினாங்குத் தெருவை ஒட்டிய இன்றைய குட்டி இந்தியாவில் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. ஆலையில் வார்த்து வந்த மோதிரங்கள் கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக மின்னுகின்றன. பழைய கணையாழி ஒன்று அங்கே விலைக்கு வரும்போது, முதலில் அது தராசில் ஏறுகிறது; பொன்னுக்கு அன்றைய விலை; கல்லுக்குச் சிறு தொகை, தகடு வைத்துக் கட்டிய இந்தானாயின் அதனினும் சிறு தொகை; செய்கூலி என்னும் கட்டத்தில் மட்டும் எதுவும் எழுதப்படுவதில்லை.